அத்தியாயம் 6: எந்தப் பெட்டி எதோடு பேசும்?

கலசப்பாக்கத்தில் அலுவலகம், மேல்சோழங்குப்பம் பக்கம் மலையடிவாரத்தில் கொள்முதல் கிடங்கு, மேலே ஜமுனாமரத்தூரில் ஒரு சிறு கிளை. சாமையும் புளியும் தேனும் வாங்கி விற்கும் உழவர் நிறுவனம் ஆனாலும், கூட்டுறவுச் சங்கம் ஆனாலும், இரண்டு வளாகம் வைத்து நடத்தும் பள்ளி ஆனாலும் இந்தப் பகுதியில் வேலை இப்படித்தான் பரவிக் கிடக்கும். இவற்றை ஒரே வலையில் இணைக்க நினைத்து விலைப்புள்ளி கேட்டால் ஒரு பக்கத் தாள் வரும். வயர்லெஸ் பிரிட்ஜ் ஒரு ஜோடி, எட்டு போர்ட் பி.ஓ.இ. சுவிட்ச் இரண்டு, ரூட்டர் ஒன்று, கேமரா ஆறு, படம் பதியும் என்.வி.ஆர். ஒன்று, கேபிள் ஒரு பெட்டி.

அந்தத் தாளில் விலை இருக்கும், வாரண்டி இருக்கும், ஜி.எஸ்.டி. இருக்கும். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு எந்த நெறிமுறையில் பேசுகிறது என்பது மட்டும் இருக்காது. மூன்று வருஷம் கழித்து ஒரு பெட்டி போய்விட்டால் அதற்குப் பதிலாக எதை வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அந்த எழுதாத வரியைப் பொறுத்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

நெறிமுறைகளைத் திறந்தவை, மூடியவை என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். வரையறை முழுவதும் அச்சில் வெளிவந்து, எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் அதைப் படித்துப் பெட்டி செய்யலாம் என்றால் அது திறந்த நெறிமுறை. ஈதர்நெட், வைஃபை, டி.சி.பி/ஐ.பி. எல்லாம் இந்த வகை. வரையறை ஒரே கம்பெனியின் கைக்குள் இருந்தால் மூடியது. நடைமுறையில் பெரும்பாலான பெட்டிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அடியில் திறந்த நெறிமுறை, மேலே கம்பெனியின் சொந்தச் சேர்க்கை. எனவே "இந்தப் பெட்டி திறந்ததா?" என்று கேட்டால் கடைக்காரரிடமிருந்து உருப்படியான பதில் வராது. "இந்தப் பெட்டியின் இந்தப் போர்ட்டில் வேறு கம்பெனிப் பெட்டியைச் செருகினால் வேலை செய்யுமா?" என்று கேளுங்கள்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான். ஒரு இணைப்பின் இரண்டு முனையும் உங்கள் கையில் இருந்து, இரண்டையும் ஒன்றாக வாங்கி ஒன்றாகக் கழற்ற முடியும் என்றால், அங்கே மூடிய நெறிமுறையைப் பொறுத்துக்கொள்ளலாம். வலை வளரப்போகும் இடத்திலும், நாளைக்கு வேறொருவருடைய பெட்டி வந்து சேரவேண்டிய இடத்திலும் பொறுத்துக்கொள்ளவே கூடாது. சென்னை ரிச்சி தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள் இந்த விதியை மீறினாலும் சமாளித்துவிடுவார்கள். நமக்கு போளூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ ஒரு டெக்னீஷியன் வரவேண்டும். அன்றைக்கு அவர் பையில் என்ன கம்பெனிப் பெட்டி இருக்கிறதோ, அதைப் போட்டு அன்றைக்கே வலை ஓடவேண்டும்.

வயர்லெஸ் இணைப்பு

இந்தப் பகுதியில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அலுவலக மாடியிலிருந்து மலையடிவாரக் கிடங்குக்குக் கேபிள் இழுக்க வழியில்லை. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிஷ் ரேடியோ ஒரு ஜோடியை எதிரெதிராகத் திருப்பி வைப்பார்கள். இதற்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. 2018 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிப்பு 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை, நிர்ணயித்த திறன் வரம்புக்குள் பயன்படுத்தினால், வெளியிடத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ரேடியோவுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகவல் கொண்டுபோகலாம். அதே இணைப்பில் பக்கத்து வீட்டாருக்கு இணையத்தை விற்கக் கிளம்பினால் அதற்கு வேறு உரிமம் வேண்டும்.

ரேடியோக்கள் வைஃபை சிப்பில்தான் ஓடுகின்றன. வைஃபை திறந்த நெறிமுறை. அப்படியிருக்க, கடைக்காரர் ஏன், "ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி போட்டாத்தான் சார் நிக்கும்" என்கிறார்? அவர் சொல்வது உண்மை. அதற்கான காரணத்தை நம் மாநிலத்திலேயே, தேனியில் ஒருமுறை முழுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தது. நோயாளி மையத்துக்கு வருவார், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோ வழியாக நோயாளியைப் பார்த்துப் பேசுவார். 2000-களின் நடுப்பகுதியில் அந்த ஊர்களில் வீடியோ தாங்கும் இணையம் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய டையர் ஆய்வுக் குழுவினர் மருத்துவமனையோடு சேர்ந்து, சந்தையில் மலிவாகக் கிடைத்த வைஃபை அட்டைகளையும் உயரக் கம்பங்களையும் வைத்து இணைப்பு கொடுத்தார்கள்.

சாதாரண வைஃபை நெறிமுறை அந்தத் தூரத்தில் தடுமாறியது. வைஃபை ஒரு கட்டடத்துக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்டது. ஒரு பொட்டலத்தை அனுப்பிய ரேடியோ, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகச் சில பத்து மைக்ரோவிநாடிதான் காத்திருக்கும். 10 கிலோமீட்டர் தூரத்தில் அலை போய்வரவே ஏறத்தாழ 67 மைக்ரோவிநாடி பிடிக்கும். பதில் வந்துகொண்டிருக்கும்போதே இந்த முனை பொறுமையிழந்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். இன்னொரு சிக்கலும் உண்டு. வைஃபையில் ஒவ்வொரு ரேடியோவும் பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும். தூரம் கூடினால் எதிர்முனை பேசத் தொடங்கியது இந்த முனைக்குத் தெரிவதற்குள் இதுவும் பேசிவிடும், இரண்டும் மோதும். காத்திருக்கும் நேரத்தை அமைப்பில் நீட்டிக்க முடியும். மோதலை அப்படித் தீர்க்க முடியாது.

ஆய்வாளர்கள் வைஃபை சிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஓடும் முறைவைப்பை மாற்றினார்கள். யார் எப்போது பேசுவது என்று நேரத்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியாகப் பதில் கேட்காமல் கொத்தாகக் கேட்டார்கள். வைல்ட்நெட் என்று பெயரிட்டு 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாதாரண வைஃபையைவிட இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வேகம் கிடைத்தது என்பது அவர்கள் கண்டது. வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி 2007-இல் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு போட்டுக் காட்டியபோது, அங்கே ஓடியதும் இந்தக் குழுவின் மென்பொருள்தான்.

இன்று கடையில் கிடைக்கும் ரேடியோக்களில் யுபிக்குவிட்டியின் ஏர்மேக்ஸ், மைக்ரோடிக்கின் என்.வி.2 என்று காணப்படும் பெயர்கள் எல்லாம் இதே நேரப் பங்கீட்டு வேலையை அந்தந்தக் கம்பெனி தன் முறையில் செய்துகொண்டவை. ஒன்று இன்னொன்றோடு பேசாது. தேனியில் செய்தவர்கள் முறையை உலகத்துக்கு எழுதி வைத்தார்கள். கம்பெனிகள் தங்கள் முறையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டன.

இருந்தாலும் இந்த இடத்தில் மூடிய நெறிமுறையை வாங்கலாம் என்றே சொல்வேன். காரணம், அந்த மூடல் இரண்டு டிஷ்களுக்கு நடுவில் உள்ள காற்றோடு முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு டிஷ்ஷின் பின்புறமும் வெளியே வருவது சாதாரண ஈதர்நெட் கேபிள். ரேடியோவை வெறும் பாலமாக, அதாவது பிரிட்ஜ் முறையில் மட்டும் ஓட்டினால், நாளைக்கு இரண்டையும் கழற்றி வேறு கம்பெனி ஜோடியை மாட்டினாலும் உள்ளே இருக்கும் வலைக்கு அது தெரியவே தெரியாது. எனவே ரேடியோவுக்குள்ளேயே ரூட்டிங், டி.எச்.சி.பி., ஃபயர்வால் என்று எல்லாவற்றையும் அமைத்துத் தருகிறேன் என்று டெக்னீஷியன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலைகள் ரூட்டரில் இருக்கட்டும்.

ஜோடியாக வாங்கும்போது மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். செலவு கூடும்தான். ஆனால் ஒரே கம்பெனி என்பதால் எல்லா மாடலும் தமக்குள் பேசிக்கொள்ளும் என்று நம்பிவிட முடியாது. ஏர்மேக்ஸ் ரேடியோவும் அதே கம்பெனியின் எல்.டி.யூ. ரேடியோவும் பேசிக்கொள்ளாது. மைக்ரோடிக் தன் புதிய வைஃபை மென்பொருளில் என்.வி.2-ஐச் சேர்க்கவில்லை. திறந்த நெறிமுறையை ஒரு கம்பெனி கைவிட்டால் இன்னொரு கம்பெனி தொடரும். மூடிய நெறிமுறையை அதன் கம்பெனி கைவிட்டால் பழைய ஸ்டாக்கைத் தேடிக் கடை கடையாக அலையவேண்டும். சில மாடல்களில் கம்பெனி முறையை அணைத்துவிட்டு வெறும் வைஃபையாக ஓட்டும் வசதி உண்டு. வேகம் குறையும், தூரம் அதிகமானால் திணறும். ஆனாலும் ஒரு முனை போன அன்று, கையில் கிடைத்த வேறு ரேடியோவை வைத்துக் கணக்கு மென்பொருளையாவது ஓட்ட அது போதும். அந்த வசதி உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள்.

ஒரு கம்பத்திலிருந்து ஒரு கிடங்குக்கு என்பது வரைதான் நான் சொன்ன சலுகை. ஒரே கம்பத்திலிருந்து நான்கைந்து இடங்களுக்குப் பரப்பும் அமைப்பென்றால் கணக்கே மாறிவிடுகிறது. நடுக்கம்பத்து ரேடியோவின் மாடல் நின்றுபோனால் ஐந்து முனையையும் ஒரே நாளில் மாற்றவேண்டி வரும். அங்கே ஒவ்வொரு கிடங்குக்கும் தனி ஜோடி போடுவது முதலில் செலவு அதிகம் போலத் தெரியும். எதிர்காலச் செலவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நெறிமுறையோடு சேராத இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 10 கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 7 மீட்டர் ஆரத்துக்கு மறைப்பு இருக்கக்கூடாது. எதிர்க்கம்பம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் இணைப்பு நன்றாக வரும் என்று எண்ண வேண்டாம். செய்யாற்றங்கரைத் தென்னந்தோப்புகள் ஒவ்வொரு வருஷமும் வளரும். ஜமுனாமரத்தூர் மலைக்குள் இருப்பதால் கீழிருந்து அதற்கு நேர்ப்பார்வையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கண்ணாடி இழையோ மொபைல் டேட்டாவோதான் வழி. இரண்டாவது மின்சாரம். தேனி வலையைப் பராமரித்த அனுபவத்தை டையர் குழுவினர் 2008-இல் தனிக் கட்டுரையாக எழுதினார்கள். கிராமத்து வலைகளைப் பெரிதும் கெடுப்பது தரமற்ற மின்சாரம் என்பது அதில் அவர்கள் அழுத்திச் சொன்ன செய்தி. நல்ல எர்த்திங்குக்கும் சர்ஜ் தடுப்புக்கும் ஒதுக்கும் பணத்தை வேறு எதற்கும் திருப்பாதீர்கள்.

கேபிளில் வரும் மின்சாரம்

கூரை மேல் இருக்கும் ரேடியோவுக்கும் கேமராவுக்கும் தனி மின்கம்பி இழுக்காமல் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புவதுதான் பி.ஓ.இ. இங்கே திறந்ததையும் மூடியதையும் குழப்பிக்கொண்டால் பெட்டி எரிந்தே போகும்.

2003-இல் வந்த ஐ.இ.இ.இ. 802.3ஏ.எஃப். தரப்படி ஓடும் சுவிட்ச், கேபிளை மாட்டியதும் மின்சாரத்தைப் பாய்ச்சிவிடாது. முதலில் சிறு மின்னழுத்தம் கொடுத்து, எதிர்முனையில் 25 கிலோஓம் அளவுக்குத் தடை தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால்தான் 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும். லேப்டாப்பைத் தவறிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. 2009-இல் வந்த 802.3ஏ.டி. இதே முறையில் 30 வாட் வரை தருகிறது. எந்தக் கம்பெனிச் சுவிட்ச்சும் எந்தக் கம்பெனிக் கேமராவும் இப்படிக் கேட்டறிந்தே ஒத்துப்போகும்.

பாசிவ் பி.ஓ.இ. அப்படிக் கேட்காது. கேபிளின் இரண்டு ஜோடி இழைகளில் 24 வோல்ட்டை எந்நேரமும் விட்டுக்கொண்டே இருக்கும். மலிவு ரேடியோக்களோடு டப்பாவில் வரும் சிறிய கறுப்பு அடாப்டர் பெரும்பாலும் இந்த வகைதான். 24 வோல்ட் ரேடியோவைத் தரமான பி.ஓ.இ. சுவிட்ச்சில் மாட்டினால் அது தடையைத் தேடிப் பார்த்துவிட்டு மின்சாரமே தராது, ரேடியோ உயிர்பெறாது. தொல்லை அவ்வளவோடு நின்றுவிடும். பாசிவ் அடாப்டரின் கேபிளைத் தவறுதலாக வேறு கருவியில் செருகினால் போர்ட்டே கருகலாம். அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைத் திருப்பிப் பாருங்கள். 802.3ஏ.எஃப். அல்லது ஏ.டி. என்று இல்லாமல் வெறும் "24வி" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது பாசிவ். அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, "24 வோல்ட், ரேடியோவுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள். கேமராக்களை ஏ.எஃப். தரத்தில் மட்டுமே வாங்குங்கள்.

அலுவலகத்துக்குள் ஓடும் வலை

சுவிட்ச்சும் ரூட்டரும் உள்ள இந்தப் பகுதியில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. இதுதான் வளரும் இடம்.

ஒரே கேபிளில் கணக்கு வலையையும் கேமரா வலையையும் பிரித்து அனுப்ப வீலேன் முறை இருக்கிறது. அதற்கு 802.1கியூ என்ற பொதுத்தரம் உண்டு. ஒரு காலத்தில் சிஸ்கோவுக்கு இதே வேலைக்கு ஐ.எஸ்.எல். என்று சொந்த முறை இருந்தது. பொதுத்தரம் பரவிய பிறகு சிஸ்கோவே அதைப் புதிய சுவிட்ச்சுகளில் விட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஐ.எஸ்.எல். நம்பி வலை அமைத்தவர்கள் எல்லாவற்றையும் திரும்ப அமைத்தார்கள். பக்கத்துப் பெட்டி எது என்று கண்டறியும் சி.டி.பி.க்குப் பதில் எல்.எல்.டி.பி., இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டும் பி.ஏ.ஜி.பி.க்குப் பதில் எல்.ஏ.சி.பி. என்று ஒவ்வொன்றுக்கும் இன்று பொதுத்தரம் இருக்கிறது. எட்டு போர்ட் மேனேஜ்டு சுவிட்ச்சிலேயே இவை வருகின்றன.

வழிகாட்டும் நெறிமுறைகளின் கதை இன்னும் தெளிவானது. சிஸ்கோ 1993-இல் கொண்டுவந்த ஈ.ஐ.ஜி.ஆர்.பி. நல்ல நெறிமுறை. வேகமாக மாற்றுவழி கண்டுபிடிக்கும், அமைப்பதும் எளிது. ஆனால் எல்லா ரூட்டரும் சிஸ்கோவாக இருக்கவேண்டும். கடைசியில் அந்தக் கம்பெனியே அதன் அடிப்படையை எழுதிக்கொடுத்தது; அது 2016-இல் ஆர்.எஃப்.சி. 7868 என்ற பொது ஆவணமாக வெளியானது. அதற்குள் பல கம்பெனி ரூட்டர்களைக் கலந்து வைத்திருந்தவர்கள் ஓ.எஸ்.பி.எஃப். பக்கம் போய்விட்டார்கள். அதன் இரண்டாம் பதிப்பு 1998-இலேயே ஆர்.எஃப்.சி. 2328 என்று முழுவதுமாக வெளிவந்துவிட்டது. மூன்று இடம் மட்டும் உள்ள உங்கள் வலைக்கு இரண்டுமே தேவைப்படாது, கையால் எழுதிய நிலையான வழிகளே போதும். கூடவே மாற்று இணைப்பு ஒன்று வரும்போது ஓ.எஸ்.பி.எஃப். தெரிந்த ரூட்டர் கையில் இருந்தால் நல்லது.

வரையறை வெளியே இருந்தால் மட்டும் போதுமா என்று யாராவது கேட்டால், போதாது என்பேன். 1986-இல் தொடங்கிய இந்தியக் கல்வி, ஆய்வு வலையான எர்நெட், சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இணைத்தபோது டி.சி.பி/ஐ.பி., ஓ.எஸ்.ஐ. என்ற இரண்டு நெறிமுறைக் குடும்பங்களையும் சேர்த்தே ஓட்டியது. ஓ.எஸ்.ஐ.யும் திறந்ததுதான், அதுவும் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்தது. ஆனால் ஓடும் பெட்டிகளும் இலவச மென்பொருளும் டி.சி.பி/ஐ.பி. பக்கம் குவிந்தன. 1995-க்குப் பிறகு எர்நெட்டில் ஏறத்தாழ எல்லாப் போக்குவரத்தும் அதிலேயே ஓடியது. எனவே ஒரு தரத்தின் எண்ணைச் சொன்னதும் திருப்தியாகிவிடாமல், அந்தத் தரத்தில் இரண்டு கம்பெனிப் பெட்டியாவது திருவண்ணாமலைக் கடையில் இன்று கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கட்டடத்துக்குள் வைக்கும் வைஃபை பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போனும் லேப்டாப்பும் எந்தக் கம்பெனிப் பெட்டியோடும் பேசும், அதில் கவலையில்லை. பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் முறைதான் மூடியது. அதற்காக 2009-இல் காப்வாப் என்ற பொது நெறிமுறை வந்தும், ஒரு கம்பெனியின் கன்ட்ரோலர் இன்னொரு கம்பெனிப் பெட்டியை நிர்வகிப்பதில்லை. வருஷச் சந்தா கட்டினால்தான் அமைப்புத் திரை திறக்கும் என்ற மாடலைச் சின்ன அலுவலகத்துக்கு வாங்காதீர்கள்.

கண்ணாடி இழை

ஊராட்சி வரை இழை வந்துகொண்டிருக்கிறது. 2011-இல் ஒப்புதல் பெற்ற தேசிய கண்ணாடி இழைத் திட்டம் பிறகு பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் வேலை டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஊர்க் கேபிள்காரரும் இழை வழியாக இணையம் தருகிறார். வீட்டில் வைக்கும் சிறு பெட்டியை ஓ.என்.டி. அல்லது ஓ.என்.யூ. என்பார்கள். எதிர்முனையில் நிலையத்தில் இருப்பது ஓ.எல்.டி.

இங்கே ஓடும் ஜிபான் நெறிமுறை, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யூ.வின் ஜி.984 தரம். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாட் இதையே படித்து இந்தியாவிலேயே ஜிபான் பெட்டிகளை உருவாக்கியது; அவை தேசிய இழைத் திட்டத்தில் பயன்பட்டன. தரம் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. ஆனால் வீட்டுப் பெட்டியை நிலையத்துப் பெட்டி நிர்வகிக்கும் பகுதியில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்தச் சேர்க்கையை வைத்திருக்கிறது. சில கேபிள்காரர்களிடம் இருப்பது ஈபான் என்ற வேறு தரம், அதன் பெட்டி ஜிபானில் ஓடாது. எனவே ஆன்லைனில் மலிவாக வருகிறது என்று ஓ.என்.டி.யை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அந்த இணைப்பின் ஒரு முனைதான் உங்களுடையது, மறுமுனை கேபிள்காரருடையது. பெட்டியை அவரே தரட்டும், பழுதானால் அவரே மாற்றட்டும். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, பெட்டிய பிரிட்ஜ் மோடுல போட்டுக் குடுங்க, ரூட்டர் எங்களோடது." அப்படிச் செய்துவிட்டால் நாளைக்குக் கேபிள்காரரை மாற்றினாலும் அலுவலகத்தில் ஒரு கேபிளைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவதோடு வேலை முடியும்.

கேமரா

கிடங்கில் எடைப் பாலத்தருகே ஒன்று, மூட்டை அடுக்கும் இடத்தில் ஒன்று என்று கேமரா வைப்பார்கள். ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு வேண்டும் என்பார்கள். வலையில் மிக வேகமாக வளரும் பகுதி இதுதான். ஆளைக் கட்டிப்போடும் பெட்டிகள் அதிகம் விற்பதும் இங்கேதான்.

ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-இல் ஆன்விஃப் என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கின. கேமராவைக் கண்டுபிடிப்பது, படத்தைக் கேட்டு வாங்குவது, திருப்புவது என்று எல்லாவற்றுக்கும் அதில் வரையறை உண்டு. படம் ஓடி வருவது ஆர்.டி.எஸ்.பி. என்ற பழைய திறந்த நெறிமுறையில். பெட்டி மேல் ஆன்விஃப் என்று அச்சிட்டிருந்தாலும் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பில் வி.எல்.சி. மென்பொருளைத் திறந்து, கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. முகவரியைக் கொடுத்தால் படம் வரவேண்டும். கம்பெனியின் மொபைல் ஆப்பில் மட்டும் படம் வருகிறது, வேறெதிலும் வரவில்லை என்றால் அந்தக் கேமராவின் படம் முதலில் கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாத நாளில் கிடங்கு தெரியாது. கம்பெனி அந்தச் சர்வரை மூடிவிட்டால் எல்லாக் கேமராவும் குப்பைக்குத்தான் போகும். சில கம்பெனிகள் படச் சுருக்க முறையின் பெயரோடு பிளஸ் குறி போட்டு விற்கின்றன. அது அவர்களுடைய சொந்தச் சேர்க்கை. வேறு கம்பெனி என்.வி.ஆரில் பதிவு தடுமாறினால் அந்தப் பிளஸ்ஸை அணைத்து வெறும் எச்.264 அல்லது எச்.265 வைத்துப் பாருங்கள்.

தண்ணீர்த் தொட்டி, மோட்டார்

தொட்டி மட்டம் பார்க்க, மோட்டாரைத் தூரத்திலிருந்து நிறுத்த லோரா கருவிகள் வந்திருக்கின்றன. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் உரிமமின்றி ஓடுகின்றன, பேட்டரி வருஷக்கணக்கில் தாங்கும். இதில் அடியில் இருக்கும் அலைமுறை செம்டெக் என்ற ஒரே கம்பெனியின் சொத்து, அதன் மேல் ஓடும் லோராவேன் திறந்த நெறிமுறை. அடித்தளம் மூடியிருந்தாலும் பல கம்பெனிகள் அந்தச் சிப்பை வாங்கிக் கருவி செய்வதால் கருவியை மாற்ற முடிகிறது. "லோரா" என்று மட்டும் போட்டிருந்தால் அது அந்தக் கம்பெனியின் சொந்த முறையாகவும் இருக்கலாம். "லோராவேன்" என்று எழுத்தில் கேளுங்கள். சோலார் இன்வெர்ட்டர், மோட்டார் கன்ட்ரோலருக்கு மோட்பஸ். 1979-இல் ஒரு கம்பெனிக்காகப் பிறந்து, வெளியிடப்பட்டு, இன்றும் எல்லாக் கம்பெனியும் பேசும் நெறிமுறை. ஆர்.எஸ்.485 முனை இருக்கிறதா, மோட்பஸ் பதிவேட்டுப் பட்டியல் தருவார்களா என்று கேட்டால் போதும்.

ஆர்டரில் எழுதவேண்டியவை

மத்திய அரசு தன் மின்னாளுகைக்கு 2010 நவம்பரில் திறந்த தரங்களுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு சங்கத்துக்கோ பள்ளிக்கோ அவ்வளவு பெரிய ஆவணம் வேண்டியதில்லை. ஆர்டர் தாளில் கீழ்க்கண்ட வரிகள் இருந்தால் போதும். கடைக்காரர் கையெழுத்துப் போடும் தாளில், தமிழிலேயே எழுதலாம்.

"சுவிட்ச்சுகள் 802.1கியூ, எல்.எல்.டி.பி., 802.3ஏ.எஃப்./ஏ.டி. தரங்களில் இருக்கவேண்டும். கேமராக்கள் ஆன்விஃப், ஆர்.டி.எஸ்.பி. வழியாக எங்கள் லேப்டாப்பில் படம் காட்டவேண்டும்; கம்பெனி ஆப் இல்லாமலும் இயங்கவேண்டும். வயர்லெஸ் ஜோடி பிரிட்ஜ் முறையில் மட்டும் அமைக்கப்படவேண்டும். கம்பெனியின் சொந்த நெறிமுறை எங்கெங்கே ஓடுகிறது என்பதை விற்பவர் எழுதித் தரவேண்டும். எல்லாக் கருவிகளின் அட்மின் பாஸ்வேர்டும், அமைப்புக் கோப்பின் நகலும், ஓடும் ஃபர்ம்வேரின் நகலும் ஒப்படைக்கும் நாளில் பென்டிரைவில் தரப்படவேண்டும்."

அந்தக் கடைசி வரியை எழுத மறக்காதீர்கள். எல்லாமே திறந்த நெறிமுறையில் ஓடினாலும், பாஸ்வேர்டு அமைத்தவரின் போனில் மட்டும் இருந்தால் வலை அவருடையது. பென்டிரைவைச் சங்கத்தின் பீரோவில் வையுங்கள், பாஸ்வேர்டைத் தீர்மானப் பதிவேட்டில் ஒட்டிய மூடிய உறையில் வையுங்கள்.

பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, சோதனைக்கு ஒரு நாள் குறியுங்கள். அன்றைக்கு வேறு கம்பெனிச் சுவிட்ச் ஒன்றைக் கடன் வாங்கி வந்து, நடுவில் இருக்கும் சுவிட்ச்சைக் கழற்றி அதைப் போடச் சொல்லுங்கள். வீலேன் ஓடுகிறதா, கேமராவுக்கு மின்சாரம் போகிறதா, கிடங்கிலிருந்து பில் வருகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.